எருமை நெஞ்சு வைத்த ஆட்டுக்குட்டி

ஒருவனைக் குட்டைக்குள் கொண்டுபோய்த் தள்ளிய மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பது வாலுவுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா இது? ஆட்டுக்குட்டிக்கு எருமை நெஞ்சை வெச்சுத் தைச்ச மாதிரி இருக்கு."

போலீஸ் ஸ்டேஷனின் பின்புறம், கேட்பாரற்றுக் கிடந்த கார்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே அந்த வண்டி நின்றது. ஒல்லியான பழங்காலத்துச் சேசிஸ். அதன் வயிற்றுக்குள், இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு பெரிய எஞ்சின் ஒன்று புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு இடம் பண்ணுவதற்காகக் கீழ்க்குழாயை அறுத்து, அகட்டி, வேறு குழாய் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஆரக்கம்பிகளில் குட்டைப் பாசி காய்ந்து தொங்கியது. பார்க்கப் பார்க்க வாலுவுக்குச் சிரிப்பு அடங்கியது.

வாலு என்பது அக்கா வைத்த பெயர். அவளுடைய உண்மைப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்கா துப்பறிவாள். வாலு ஸ்கூட்டர் ஓட்டுவாள், கதவைத் தட்டுவாள், வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் திறப்பாள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்கா ஒரு நாள் முழுக்கப் பேசுவதை வாலு பல் தேய்த்துக்கொண்டே பேசி முடித்துவிடுவாள்.

"கேஸ் முடிஞ்சாச்சு மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த அக்காவிடம். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மெக்கானிக். சேர்ந்து பட்டறை வெச்சிருந்தாங்க. ஒத்துப்போகல. அண்ணன்காரன் முன் பிரேக் கேபிளை அரத்தால பாதி ராவி வெச்சுட்டான். தம்பிகாரன் குவாரிச் சரிவுல இறங்கும்போது பிரேக்கைப் பிடிச்சிருக்கான், கேபிள் அறுந்துச்சு, நேரா குட்டைக்குள்ள போயிட்டான். கல் உடைக்கிறவங்க தூரத்துலருந்து பார்த்திருக்காங்க. தம்பியோட வண்டி, தம்பியோட ஹெல்மெட். அன்னியிலருந்து அண்ணன் தலைமறைவு. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னா ஒரு டீயாவது சொல்லுங்க சார்," என்றாள் வாலு. "துப்பறிஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டுப் போயிடறோம்."

இன்ஸ்பெக்டர் டீ சொல்லவில்லை. அக்காவும் உட்காருகிற மாதிரி இல்லை. தலைமறைவு என்று சொல்லப்படுகிற அந்த அண்ணனின் மனைவி முந்தின நாள்தான் அவர்களைத் தேடி வந்திருந்தாள். பட்டறையின் முன்பக்கமே உட்கார்ந்து வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவள். அழவில்லை, கெஞ்சவில்லை. "என் வீட்டுக்காரரு கொலைகாரர் இல்ல. அதை நிரூபிச்சுக் குடுங்க. அவரு தலை நிமிர்ந்து வீட்டுக்கு வரணும்," என்று மட்டும் சொன்னாள். அக்கா ஒப்புக்கொண்டதே அந்தக் குரலுக்காகத்தான் என்று வாலுவுக்குத் தோன்றியது.

"வாலு, நடு ஸ்டாண்டைப் போடு. பின் சக்கரத்தைச் சுத்து."

வாலு சுற்றிவிட்டாள். அக்கா குனிந்து, வலது பக்கத்தில் இருந்த பிரேக் மிதியைக் கையால் அழுத்தினாள். சக்கரம் டக்கென்று நின்றது. மறுபடியும் சுற்றச் சொன்னாள். மறுபடியும் நின்றது.

"பின் பிரேக் நல்லாத்தான் இருக்கு சார்."

"இருக்கட்டுமே மேடம்."

"முன்னாடி பிரேக் அறுந்தா பின்னாடி மிதிப்பாங்க இல்லையா? இந்த வண்டியை இப்படி மாத்தினதே தம்பிகாரர்தான். மாசக்கணக்கா இதைத்தான் ஓட்டிட்டு இருந்திருக்கார். அவருக்கு ஏன் மிதிக்கத் தோணல?"

"பயத்துல மறந்திருப்பான். சாவு எதிர்ல நிக்கும்போது யாருக்கு மேடம் பிரேக் ஞாபகம் வரும்?"

"எனக்கு அது மட்டும்தான் சார் ஞாபகம் வரும்," என்ற வாலு, வண்டியின் இடது பக்கம் குந்தியிருந்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இங்க வாயேன். இந்தக் கியர் லிவரைப் பாரு. யார் மேலயோ இருந்த கோபத்தை இது மேல காட்டின மாதிரி இருக்கு."

கால் விரலால் லேசாகத் தட்டினாலே வேலை செய்கிற லிவர் அது. இப்போது தரையைப் பார்த்து மடங்கிக் கிடந்தது. நுனியில் இருந்த ரப்பர் கிழிந்து பாதி காணாமல் போயிருந்தது. அக்கா அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"விழுந்ததுல வளைஞ்சிருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வண்டி விழுந்தது வலது பக்கமா சார். வலது கைப்பிடி தேஞ்சிருக்கு, வலது கண்ணாடியைக் காணோம். இடது பக்கம் ஒரு கீறல் இல்ல. அதோட, விழுந்து வளைஞ்சா உள்பக்கமா வளையும். இது கீழ்பக்கமா வளைஞ்சிருக்கு."

"அப்போ கிரேன்ல தூக்கும்போது ஆகியிருக்கும்."

"கிரேன் தூக்கத்தான் செய்யும் சார்," என்றாள் வாலு. "மிதிக்காது."

இன்ஸ்பெக்டருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இதோ பாருங்க, குட்டையில இதுவரைக்கும் ஆழமில்லாத பக்கத்துலதான் தேடினோம். இன்னிக்குச் சாயங்காலம் ஆழமான பக்கத்துல முக்குளிக்கிறவங்க இறங்கறாங்க. ஊருக்கே தெரியும். உடம்பு கிடைச்சுட்டா உங்களுக்கும் வேலை மிச்சம், எனக்கும் வேலை மிச்சம்."

அக்கா நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும், "பட்டறைக்குப் போ," என்றாள்.

பட்டறை ஒரு நீளமான கொட்டகை. முன்னால் தையல் மெஷினும் ரெக்சின் சுருள்களும். உள்ளே எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ஸ்பேனர்கள். ஒவ்வொரு ஸ்பேனருக்குப் பின்னாலும் அதன் உருவத்தைச் சுவரில் பெயின்டால் வரைந்திருந்தார்கள், எடுத்ததை எடுத்த இடத்தில் மாட்ட வேண்டும் என்பதற்காக. பார்த்தவுடனேயே அது அண்ணன்காரரின் வேலை என்று தெரிந்தது. ஏனென்றால் கொட்டகையின் மறுபாதியில் எதுவுமே எடுத்த இடத்தில் இல்லை.

தையல்காரி மெஷினை நிறுத்தி எழுந்தாள். இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டாள்.

"ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?"

"கேள்விதான் தெரிஞ்சிருக்கு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து மறுபடியும் மெசேஜ் வந்துதா?"

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள் வைத்திருந்த போனை எடுத்தாள். புருஷனிடமிருந்து மெசேஜ் வருகிற விஷயத்தை அவள் போலீசிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அவளாகக் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை. எப்போதாவது போனைத் திறந்து எழுத்தாக நாலு வரி அனுப்பிவிட்டு மறுபடி அணைத்துவிடுவார்.

முதலில் வந்தது: 'பத்திரமா இருக்கேன். தேடாதே.' கடைசியாக அன்று காலையில் வந்தது: 'கோர்ட்ல கேட்டா அந்த வெல்டிங் பண்ணது நான்தான்னு சொல்லிடு. தம்பி மேல பழி வேண்டாம்.'

"எந்த வெல்டிங்?" என்றாள் அக்கா.

"போன வருஷம் ஒரு வாடிக்கையாளருக்கு இதே மாதிரி சின்ன வண்டியில பெரிய எஞ்சின் வெச்சுக் குடுத்தான் என் கொழுந்தன். அவரு அப்பவே வேண்டாம்னு சொன்னாரு. சேசிஸ் கழுத்துக்கிட்ட வெச்ச வெல்டிங் சரியில்ல, வேகத்துல பிச்சுக்கும்னு சொன்னாரு. கேக்கல. ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்போதே வண்டி ரெண்டாயிடுச்சு, அந்த மனுஷன் செத்துப்போயிட்டாரு." சொல்லும்போதே அவள் கை தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. "கேஸ் நடக்குது. அடுத்த வாரம் இவரு சாட்சி சொல்லணும். உள்ளதைத்தான் சொல்லுவேன்னு தம்பிகிட்ட முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு."

"அப்புறம் ஏன் பழியைத் தன் மேல போட்டுக்கறார்?"

"அதான் மேடம் எனக்கும் புரியல. அவரு வெல்டிங்கே தொடமாட்டாரு, அந்த வெளிச்சம் அவரு கண்ணுக்கு ஆகாது. செத்துப்போன தம்பியை எதுக்கு அசிங்கப்படுத்தணும்னு நெனைக்கிறாரு போல. அவரு மனசு அப்படி."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். வாலு அவள் முகத்தைப் பார்த்தாள். பிடிக்காத மருந்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கலாமா துப்பலாமா என்று யோசிக்கிறவளின் முகம் மாதிரி இருந்தது.

"கடைசி நாள் ரெண்டு பேரும் எப்படி இருந்தாங்க?"

"அன்னிக்குத்தான் மேடம் கொழுந்தன் வாய் திறந்து பேசினான். காலையில இவருக்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்தான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இவரு சாமான் வாங்கப் பஸ்சுக்குக் கிளம்பிப் போனாரு. அவன் கொஞ்ச நேரம் கழிச்சு வண்டியை எடுத்துட்டுப் போனான். ரெண்டு பேரும் திரும்பி வரல."

அக்கா எழுந்து கொட்டகைக்குள் போனாள். மூலையில் துணி போர்த்தி ஒரு வண்டி நின்றது. துணியை விலக்கினாள். அதே பழைய ரகம், எஞ்சின் மாற்றாதது. யாரோ வாடிக்கையாளர் ரிப்பேருக்கு விட்டது.

"இது ஓடுமா?"

"ஓடும் மேடம். அவரு வேலை முடிச்சு வெச்சதுதான்."

"வாலு, பின்பக்கம் காலி இடம் இருக்கு. இதை எடுத்து ரெண்டு சுத்து சுத்திட்டு வா."

"நானா? எதுக்கு?"

"சும்மா. பைக் ஓட்டிட்டு இருந்தவ, ஸ்கூட்டர் ஓட்டியே மழுங்கிப்போயிட்ட."

"ஹெல்மெட் குடு. நீ சும்மான்னு சொன்ன எதுவும் சும்மா முடிஞ்சதில்ல."

தையல்காரி பின்னாலேயே வந்தாள். "பார்த்துங்க. இது பழைய வண்டி. கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்ப வர்ற வண்டிக்கு நேர் மாறு."

"கியர் வலது, பிரேக் இடது," என்று வாலு பாடம் மாதிரி ஒப்பித்தாள். உதைத்துக் கிளப்பினாள். பழைய வண்டி இருமி, புகைந்து, பிறகு ஒழுங்காக ஓடியது. முதல் சுற்று மெதுவாக. கியர் வலது, பிரேக் இடது. சொல்லிக்கொண்டே ஓட்டினாள், தவறு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது சுற்றில் தைரியம் வந்து கொஞ்சம் முறுக்கினாள். இவ்வளவுதானா என்று அக்காவுக்குக் கேட்கிற மாதிரி கத்தவும் செய்தாள்.

அப்போதுதான் அக்கா ஒரு பழைய டயரை எடுத்து அவள் பாதையில் உருட்டிவிட்டாள்.

வாலு பிரேக்கை மிதித்தாள். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் காலில் வைத்து மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. உள்ளே ஏதோ நறநறவென்று கத்தியது, வண்டி துள்ளி முன்னால் பாய்ந்தது. மறுபடி மிதித்தாள், மறுபடி நிற்கவில்லை. டயர் வந்து மோதியது. பழைய சீட்டுப் பஞ்சு குவித்துப் போட்டிருந்த மூலையில் வாலு தலைகுப்புறப் போய் விழுந்தாள்.

"கொலைகாரி!" பஞ்சுக்குள் இருந்து எழுந்து கத்தினாள். "கூடப்பிறந்தவளைக் கொல்லப் பார்க்கறியா? அம்மாகிட்ட என்ன சொல்லியிருப்ப?"

அக்கா ஓடி வந்து அவள் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"எந்தக் காலால மிதிச்ச?"

வாலு ஹெல்மெட்டைக் கழற்றினாள். கீழே பார்த்தாள். "வலது."

"அது கியர். சொல்லித்தானே அனுப்பினாங்க?"

"தலைக்குச் சொன்னாங்க. காலுக்கு யாரும் சொல்லல." சொல்லி முடித்ததும் வாலுவுக்குத் தான் சொன்னது தனக்கே உறைத்தது. பைக் ஓட்டிய வருஷங்களில் அவள் கால் எங்கே பிரேக் இருக்கிறது என்று பழகியதோ, டயர் எதிரே வந்தபோது அங்கேதான் போனது. அவளைக் கேட்டுவிட்டுப் போகவில்லை.

ஸ்டேஷன் பின்புறத்தில் மடங்கிக் கிடந்த லிவர் அவள் கண் முன்னால் வந்து நின்றது. அது இடது பக்கம். அங்கே மிதித்தவனுக்கும் யாரோ சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

அக்கா தையல்காரியின் பக்கம் திரும்பினாள். எவ்வளவு மெதுவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். "உங்க கொழுந்தன் எஞ்சினை மாத்தினப்போ காலுக்கு இருக்கறதையும் மாத்த வேண்டியிருந்துதா?"

"ஆமா மேடம். புது எஞ்சினுக்குக் கியர் இடது பக்கம்தான் வரும். அதனால பிரேக்கை வலது பக்கம் கொண்டுபோயிட்டான்."

"அதுக்கப்புறம் உங்க வீட்டுக்காரர் அந்த வண்டியை ஓட்டினாரா?"

"ஒரு தடவைகூட இல்ல. தொடவே மாட்டேன்னுட்டாரு. அது முதல்ல அவரோட வண்டி மேடம். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து அவரு ஓட்டினது. பட்டறையிலயும் அந்தப் பழைய ரகத்தைத்தான் அவரு பார்ப்பாரு, வேற வண்டியே அவருக்குப் பழக்கம் இல்ல. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட அதுலதான் வந்தாரு, எங்க வீட்டு வாசல்ல இடது காலை..."

அவள் நிறுத்திவிட்டாள்.

கையில் ஒரு துண்டு ரெக்சின் வைத்திருந்தாள். அதை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வாலுவுக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போல் இருந்தது.

"முன் பிரேக் அறுந்தா அவன் பிழைச்சிருப்பான்," என்றாள் தையல்காரி. யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அவன் கால் சரியான இடத்துக்குப் போயிருக்கும். அவருக்குத்தான் போகாது."

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "அது ஒரே ஒருத்தருக்காக வெச்ச பொறி."

"பஸ்சுக்குப் போற வழியில நிறுத்தி, ஒரு தடவை ஓட்டிப் பாருண்ணான்னு சொல்லியிருப்பான். டீ வாங்கிக் குடுத்தான் இல்ல, அந்தச் சந்தோஷத்துல இவரும் ஏறியிருப்பாரு. அவனோட ஹெல்மெட்டையே மாட்டிவிட்டு, அவரு போனை வாங்கி வெச்சுக்கிட்டிருப்பான்." அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அதைத் தூக்கி எறிந்துவிடுவாளோ என்று வாலு நினைத்தாள். அவள் எறியவில்லை, தையல் மெஷின் மேல் கவிழ்த்து வைத்தாள். "அப்போ இத்தனை நாளா நான் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேட்டதெல்லாம் அவன்கிட்டயா?"

என் புருஷன் கொலைகாரன் இல்லை என்று நிரூபித்துக் கொடு என்று கேட்டு வந்தவளுக்கு, கேட்டதைக் கொடுத்தாயிற்று. இப்படிக் கொடுப்பதற்குத் தோற்றே போயிருக்கலாம் என்று வாலு மனசுக்குள் அழுதாள். அக்கா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். குரலில் உற்சாகம் வழிந்தது.

"மேடம், ஒரு அதிசயம்! தம்பிகாரன் உயிரோட இருக்கான்! வண்டியோட விழுந்து, மறுகரையில ஏறி, அண்ணன் மறுபடி கொல்ல வருவானோன்னு பயந்து இத்தனை நாளா ஒளிஞ்சு கிடந்திருக்கான். இப்ப தானா ஸ்டேஷனுக்கு வந்துட்டான். அண்ணியைப் பார்க்கணும்னு ஒரே அழுகை. கூட்டிட்டு வந்துகிட்டு இருக்கேன்."

"குட்டையில தேடுறது?"

"அதுக்கு இனிமே என்ன வேலை? இறங்க இருந்த ஆளுங்களைத் திரும்பி வரச் சொல்லிட்டேன்."

அக்கா போனை அணைத்தாள். கேட்டதை ஒரே மூச்சில் சொன்னாள். "ஆழமான பக்கத்துல இன்னிக்கு இறங்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் வெளியில வந்துட்டான். அவன் உயிரோட இருந்தா தேட வேண்டியது இல்லையே. தேடலைன்னா எதுவும் கிடைக்காது. உங்க வீட்டுக்காரர் எப்பவும் தலைமறைவு, அந்த மெசேஜை வெச்சுக்கிட்டு வெல்டிங் பழியும் அவர் தலையிலேயே."

"நீ இன்ஸ்பெக்டர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றாள் வாலு.

"சொன்னா அவன் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருப்பான். வளைஞ்ச லிவரைப் பத்தி அவனுக்கு இன்னும் தெரியாது. தெரியாத வரைக்கும்தான் நமக்குப் பலம்." அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும். நீயே கேளு. நான் கேட்டா உஷாராயிடுவான். உன்னை யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க."

"இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கவா?"

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "வரட்டும்," என்றாள். எழுந்து போய்த் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசிக்கு நூல் கோர்த்தாள். கை ஆடவில்லை. அதைப் பார்க்கத்தான் வாலுவுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. தம்பிகாரன் இறங்கினான். கையில் கட்டு, முகத்தில் தாடி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். அவன் காலடி கொட்டகைக்குள் வரவர, தையல்காரி மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். வாசலைத் தாண்டியதும் அவன் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி! அண்ணன் என்னைக் கொல்லப் பார்த்துட்டாரு அண்ணி! நான் என்ன பாவம் பண்ணேன்?"

அழுகை நன்றாகவே இருந்தது. விஷயம் தெரியாதவர்கள் கூடவே அழுதிருப்பார்கள். இன்ஸ்பெக்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அழாதீங்கண்ணா," என்றாள் வாலு, கண்ணை அகல விரித்துக்கொண்டு. கதை கேட்க வந்தவள் மாதிரி பக்கத்தில் குந்தினாள். "எப்படித் தப்பிச்சீங்க? பிரேக் அறுந்தா எனக்கெல்லாம் அங்கேயே உயிர் போயிருக்கும்."

"முன் பிரேக் கையோட வந்துடுச்சும்மா. பின் பிரேக்கை வலது காலால மிதிச்சேன். பிடிக்கத்தான் செஞ்சுது, ஆனா சரிவு முழுக்க ஜல்லி. வழுக்கிக்கிட்டே போயிடுச்சு."

சரியான பதில். பின் பிரேக் வேலை செய்கிறது என்பதற்கும் அது பொருந்தியது. இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போல் தலையாட்டினார்.

"அய்யோ பாவம். அப்போ இடது காலு என்ன பண்ணிச்சுண்ணா? கியரையாவது குறைச்சுப் பார்த்தீங்களா?"

"எங்கம்மா நேரம்? இடது காலை அசைக்கவே இல்ல. கியரை நான் தொடவே இல்ல."

மெஷின் நின்றது.

இன்ஸ்பெக்டரின் தலையாட்டல் பாதியில் நின்றுபோயிற்று. அவசரக்காரர்தான், ஆனால் முட்டாள் இல்லை. "தொடவே இல்லையா?" என்றார் மெதுவாக.

"இல்ல சார்."

"வேற யாராவது அந்த வண்டியை ஓட்டுவாங்களா?"

"நான் மட்டும்தான் சார். என்னைத் தவிர யாருக்கும் தரமாட்டேன்."

"அப்புறம் அந்த லிவரை இடது காலால மிதிச்சு மடக்கினது யாரு?"

தம்பிகாரன் நிமிர்ந்தான். முதலில் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், பிறகு அண்ணியை. என்ன கேட்கிறார்கள் என்பது ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் இருந்த அழுகை முழுக்க வடிந்துபோயிற்று. வண்டியில் நடந்த அந்தக் கடைசி நொடியை அவன் பார்த்ததில்லை. மேட்டில் நின்று அண்ணனின் முதுகைத்தான் பார்த்திருப்பான். எழப் பார்த்தான், இழுத்துக்கொண்டிருந்த கால் இப்போது இழுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு எட்டு வைத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி..." என்றான்.

தையல்காரி அவன் பக்கம் திரும்பவே இல்லை. மெஷினில் இருந்த துணியை விட்டுவிட்டு எழுந்து, இன்ஸ்பெக்டருக்கு எதிரே வந்து நின்றாள்.

"திருப்பி அனுப்பின ஆளுங்களைக் கூப்பிடுங்க சார்," என்றாள். "வெளிச்சம் போறதுக்குள்ள இறங்கச் சொல்லுங்க. என் வீட்டுக்காரரு இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்காரு."